பைக்குள் தூங்கும் நாலு லட்சம்

சாயங்காலம் ஆறரை மணி. ஊரில் ஏதோ ஒரு ஷட்டில் கோர்ட். ஆபீஸ் முடித்து நேராக வந்த இளைஞர் ஒருவர் முதலில் என்ன செய்கிறார்? ஷூ லேஸைக் கட்டவில்லை. கையில் இருக்கும் வாட்சைக் கழற்றி, கர்ச்சீப்பில் சுற்றி, பையின் உள் ஜிப்பில் வைத்து, ஜிப்பை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொள்கிறார். வாட்சின் விலை நாலு லட்சம் ரூபாய். ஸ்விட்சர்லாந்து சரக்கு. வாங்கும்போது கடைக்காரர் சொன்னது, "இது ஸ்போர்ட்ஸ் வாட்ச் சார், எவ்வளவு ரஃப்பா வேணும்னாலும் யூஸ் பண்ணலாம்."

ஆட்டத்துக்கு நடுநடுவே கண் மட்டும் பை மேலேயே இருக்கிறது. பந்து எங்கே தெரியப் போகிறது? 21-9. தோல்வி :-)

ஸ்போர்ட்ஸ் வாட்சை ஸ்போர்ட்ஸ் ஆடும்போது கழற்றி வைக்க வேண்டியிருக்கிறது என்றால் தப்பு அந்த இளைஞர் மேல் மட்டும் இல்லை. அவருக்கு விற்கப்பட்ட கதையில் தப்பு இருக்கிறது. உறுதி என்பது ஒரு சரக்கு. ஆடம்பரம் என்பது வேறொரு சரக்கு. இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு, ஒரே விலைச் சீட்டை ஒட்டி, "விலை அதிகம், அதனால் உறுதி அதிகம்" என்று நம்ப வைத்திருக்கிறார்கள். தினமும் ஓடியாடி வேலை செய்யும் கைக்கு வாட்ச் தேடுகிற ஆசாமி முதலில் உடைக்க வேண்டியது இந்த நம்பிக்கையைத்தான்.

*

இந்தக் கதை எங்கே ஆரம்பித்தது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்.

1926-ல் ரோலெக்ஸ் கம்பெனி 'ஆய்ஸ்டர்' என்ற தண்ணீர் புகாத வாட்சைக் கொண்டுவந்தது. 1927 அக்டோபரில் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற ஆங்கிலேய நீச்சல் வீராங்கனை ஆங்கிலக் கால்வாயில் இறங்கியபோது அவரிடம் ஒரு ஆய்ஸ்டர் இருந்தது. பத்து மணி நேரத்துக்கு மேல் குளிர்ந்த தண்ணீரில் இருந்தும் வாட்ச் நிற்கவில்லை. அடுத்த மாதமே லண்டன் 'டெய்லி மெயில்' முதல் பக்கம் முழுக்க விளம்பரம். சாதாரண மனிதர் அன்றாடம் கட்டும் உறுதியான வாட்ச் என்ற எண்ணம் பிறந்த இடம் ஏறக்குறைய இதுதான்.

இதில் இரண்டு சின்ன விஷயங்கள். அந்த நீச்சல் முழுமை அடையவில்லை. குளிர் தாங்காமல் கரைக்கு முன்பே அவரைப் படகில் ஏற்றிவிட்டார்கள். வாட்ச் இருந்ததும் கையில் இல்லை, கழுத்தில். வாட்ச் தண்ணீரைத் தாங்கியது உண்மை. வீசி வீசி நீந்தும் கையில் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்த விளம்பரம் சொல்லவில்லை.

அதற்காக அந்தக் காலத்து வாட்சுகளைக் குறை சொல்லவும் முடியாது. 1953-ல் வந்த பிளாங்பெய்ன் 'ஃபிஃப்டி ஃபாதம்ஸ்' பிரெஞ்சு ராணுவத்தின் முக்குளிப்பு வீரர்களுக்காக உருவானது. ரோலெக்ஸ் 'சப்மரைனர்' அதே காலத்தது. 1957-ல் வந்த ஒமேகா 'ஸ்பீட்மாஸ்ட'ரை 1965-ல் நாசா சோதித்தது: மைனஸ் 18 டிகிரி குளிர், 93 டிகிரி சூடு, ஆறு திசைகளில் 40 ஜி அதிர்ச்சி. தேறியது. 1969-ல் நிலாவுக்குப் போனது. இவையெல்லாம் கருவிகள். ஸ்பானர் மாதிரி, டார்ச் லைட் மாதிரி. ஸ்பானரைக் கர்ச்சீப்பில் சுற்றி வைக்கிறவர் உண்டா?

திருப்பம் வந்தது 1972-ல். ஓடுமா பிகே கம்பெனி 'ராயல் ஓக்' என்ற வாட்சை வெளியிட்டது. வடிவமைத்தவர் ஜெரால்ட் ஜென்டா. எஃகு வாட்ச், ஆனால் விலை பல தங்க வாட்சுகளை விட அதிகம். 1976-ல் படேக் ஃபிலிப் 'நாட்டிலஸ்' வந்தது, அதை வடிவமைத்ததும் ஜென்டாவே. உலகத்தின் மிக விலை உயர்ந்த வாட்சுகளில் ஒன்று எஃகால் ஆனது என்பதையே பெருமையாக விளம்பரம் செய்தார்கள். அதாவது, வேலைக்காரனின் உலோகத்தை எடுத்து முதலாளியின் விலையில் விற்கும் வித்தை. அழகு, மெருகு, கைவேலை எல்லாம் அதில் உண்டு, யாரும் மறுக்கவில்லை. உறுதி? இன்றைக்கும் சாதாரண ராயல் ஓக்கின் தண்ணீர் தாங்கும் அளவு 50 மீட்டர். சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் ஜப்பான் பிளாஸ்டிக் வாட்சில் 200 மீட்டர் என்று போட்டிருக்கிறது.

*

அந்த ஜப்பான் பிளாஸ்டிக் வாட்ச் எப்படி வந்தது என்பதையும் பார்த்துவிடலாம்.

கேசியோ கம்பெனியில் கிகுவோ இபே என்று ஓர் எஞ்சினியர். அப்பா பரிசாகக் கொடுத்த வாட்ச் கீழே விழுந்து உடைந்துபோனது. விழுந்தாலும் உடையாத வாட்ச் செய்வது என்று இறங்கினார். இலக்கு மூன்று பத்துகள்: 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தாங்க வேண்டும், 10 பார் தண்ணீர் அழுத்தத்தைத் தாங்க வேண்டும், பேட்டரி 10 வருஷம் வர வேண்டும். மாதிரி செய்வது, மாடி ஜன்னலிலிருந்து கீழே போடுவது, உடைந்ததை அள்ளி வந்து மறுபடி செய்வது. சுமார் 200 மாதிரிகள் போயின. பூங்காவில் ஒரு சிறுமி பந்து தட்டி விளையாடியதைப் பார்த்தபோதுதான் வழி கிடைத்தது: பந்தின் நடுவே மிதக்கிற பொருளுக்கு அடி நேராகப் போய்ச் சேராது. அப்படியே எந்திரத்தை உறைக்குள் மிதக்கவிட்டார். 1983 ஏப்ரலில் ஜி-ஷாக் பிறந்தது.

இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். ஐ.எஸ்.ஓ. 1413 என்று ஒரு தரம் இருக்கிறது. 'ஷாக் ரெசிஸ்டன்ட்' என்று ஒரு வாட்ச் சொல்லிக்கொள்ள அது தேற வேண்டிய பரீட்சை. என்ன பரீட்சை? ஒரு மீட்டர் உயரத்திலிருந்து மரத்தரையில் விழுவதற்குச் சமமான அடி. இடுப்பு உயரம். விழுந்த பிறகு அதன் ஓட்டம் ஒரு நாளைக்கு 60 செகண்ட் வரை மாறினாலும் பாஸ்! இந்தப் பக்கம் இடுப்பு உயரம், மரத்தரை. அந்தப் பக்கம் மூன்றாம் மாடி உயரம். விலை மட்டும் தலைகீழ்.

காரணம் எளிது. சாவி கொடுக்கிற வாட்சோ, கை அசைவில் தானே சாவி ஏறுகிற ஆட்டோமேட்டிக்கோ, உள்ளே ஒரு சின்னச் சக்கரம் இடமும் வலமும் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். இன்றைய வாட்சுகள் பலவற்றில் செகண்டுக்கு 8 துடிப்பு. ஒரு நாளைக்கு 6,91,200. அந்தச் சக்கரம் நிற்கிற அச்சு முனை தலைமுடி அளவுக்கு மெல்லியது. அதன் கூடவே முடியைப் போன்ற ஒரு சுருள் ஸ்பிரிங். 1930-களிலேயே 'இன்காப்ளாக்' போன்ற அதிர்ச்சி தாங்கிகள் வந்துவிட்டன. அவை இல்லாவிட்டால் கதை இன்னும் மோசம். ஆனாலும் தலைமுடி தலைமுடிதான். குவார்ட்ஸ் வாட்சில் இந்தச் சக்கரமே இல்லை. இல்லாத உறுப்பு உடையாது.

"டென்னிஸ் வீரர் நடால் ரிச்சர்ட் மில் வாட்சைக் கட்டிக்கொண்டே விளையாடினாரே, அது எந்திர வாட்ச்தானே?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. 2017-ல் அவருக்காக வந்த ஆர்.எம். 27-03 மாடல் 10,000 ஜி அதிர்ச்சியைத் தாங்கும் என்றார்கள். மொத்தம் 50 வாட்சுகள். ஒவ்வொன்றும் ஏழு லட்சத்துக்கு மேல். ரூபாய் இல்லை, டாலர்! பொறியியலாக அது சாதனை, சந்தேகமே இல்லை. ஆனால் எந்திர வாட்சை விளையாட்டுக் கைக்குப் பழக்க எவ்வளவு செலவாகும் என்பதற்கான சாட்சியும் அதுதான். நாலு லட்சத்தில் அது கிடைக்காது.

*

அடுத்தது தண்ணீர். டயலில் '30 மீட்டர்' என்று எழுதியிருந்தால் 30 மீட்டர் ஆழம் போகலாம் என்று அர்த்தம் இல்லை. சோதனைக் கூடத்தில் அசையாத நிலையில் அவ்வளவு அழுத்தம் தாங்கியது என்று மட்டும்தான் அர்த்தம். 30 மீட்டர் என்றால் கை கழுவலாம், மழையில் நனையலாம். 50 என்றால் கொஞ்சம் நீந்தலாம். 100-க்கு மேல், கூடவே திருகி மூடும் கிரவுன் இருந்தால்தான் தைரியமாகக் குளத்தில் குதிக்கலாம். உண்மையான முக்குளிப்பு வாட்சுக்கு ஐ.எஸ்.ஓ. 6425 என்ற தனித் தரம் உண்டு. அதில் மாதிரிக்கு ஒன்றை எடுத்துச் சோதித்தால் போதாது, ஒவ்வொரு வாட்சையும் எழுதியிருக்கும் ஆழத்தை விட 25 சதவீதம் அதிக அழுத்தத்தில் சோதிக்க வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றார்கள் பெரியவர்கள். டயலில் ஆழம் எழுதியிருந்தாலும் கையை விடாதே என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்த எண்ணும் நிரந்தரம் இல்லை. தண்ணீரைத் தடுப்பது சில ரப்பர் வளையங்கள். வியர்வை, சோப்பு, வெந்நீர், வெயில் எல்லாம் அவற்றை மெல்ல மெல்லக் கெடுக்கும். லட்ச ரூபாய் வாட்சிலும் ரப்பர் ரப்பர்தான்.

கீறல்? வாட்சு எஃகை விட மணல் துகள் கடினமானது. பைக் ஹேண்டில், கதவுத் தாழ், பஸ் கம்பி என்று தினமும் உரசினால் கோடு விழத்தான் செய்யும். சஃபையர் கண்ணாடியில் கோடு விழாது, ஆனால் ஓரத்தில் சரியான அடி பட்டால் உடையும். நிலாவுக்குப் போன ஸ்பீட்மாஸ்டரில் இருந்தது பிளாஸ்டிக் வகைக் கண்ணாடி. கீறல் விழும், ஆனால் சில்லு சில்லாகச் சிதறாது. விண்வெளி வீரருக்குத் தேவை அதுதான். விலை உயர்ந்த பொருளும் வேலைக்குப் பொருத்தமான பொருளும் ஒன்றில்லை என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு சின்னச் சாமான். பெரும்பாலான வாட்சுகளை ஸ்டிராப்போடு சேர்த்துப் பிடித்திருப்பது இரண்டு ஸ்பிரிங் கம்பிகள். வாட்ச் ரிப்பேர் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அதில் ஒன்று நழுவினால் நாலு லட்சமும் தரையில். பிரிட்டன் ராணுவம் தன் முக்குளிப்பு வீரர்களுக்கு வழங்கிய சப்மரைனர்களில் இந்த ஸ்பிரிங் கம்பியை நம்பாமல், கழற்ற முடியாத நிலையான கம்பியை வைத்தார்கள். உபயோகிக்கிறவனுக்குத் தெரியும் எது உடையும் என்று.

*

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "சரிதான், ஆனால் இது முதலீடு ஆச்சே" என்பார்கள். இந்த வாதத்துக்குக் கணக்குப் புத்தகத்தைத் திறந்துதான் பதில் சொல்ல வேண்டும்.

நாலு லட்சத்தை 14 சதவீத வட்டியில் 24 மாத இ.எம்.ஐ. போட்டால் மாதம் சுமார் 19,205 ரூபாய். மொத்தம் கட்டுவது 4,60,900. வட்டி மட்டும் 61,000 பக்கம். முதல் வேலையில் சேர்ந்த பையனுக்கு இது வீட்டு வாடகை, அல்லது தங்கையின் காலேஜ் ஃபீஸ்.

கடன் இல்லாமல் கையிலிருக்கும் காசில் வாங்கினாலும், அதே நாலு லட்சத்தை 7 சதவீத வட்டியில் பத்து வருஷம் டெபாசிட்டில் போட்டால் 7.87 லட்சம் ஆகும். வாட்ச் 'முதலீடு' என்றால் பத்து வருஷம் கழித்து குறைந்தது அந்த விலைக்காவது போக வேண்டும். நடுவில் சர்வீஸ் செலவு வேறு. யானை வாங்கினால் போதுமா, தீனி போட வேண்டாமா? 2022 தொடக்கத்தில் உச்சிக்குப் போன பழைய வாட்ச் சந்தை அதற்கப்புறம் சரிந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த விலை ஏற்றம் எழுதி வைத்த சாசனம் இல்லை என்று தெரியும்.

இதை விடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. பழைய வாட்சை நல்ல விலைக்கு வாங்குகிறவர் என்ன கேட்பார்? கீறல் இருக்கக் கூடாது, பாலிஷ் போட்டிருக்கக் கூடாது, டப்பாவும் பேப்பரும் அப்படியே இருக்க வேண்டும். அதாவது, கட்டியிருக்கவே கூடாது. ஆக, முதலீடு என்றால் கையில் கட்ட முடியாது. கையில் கட்டி ஓடியாடினால் முதலீடு இல்லை. உறுதியானது என்று ஒரு காரணம், முதலீடு என்று இன்னொரு காரணம், இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார் விற்பவர். ஒன்று இன்னொன்றை ரத்து செய்கிறது. பற்றும் வரவும் நேராகிவிட்டது, மிச்சம் பூஜ்யம்.

*

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லையா? இருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எந்திர வாட்ச் ஐம்பது வருஷம் கழித்தும் ஓடும். ஸ்பிரிங் போனால் மாற்றலாம், பல் தேய்ந்தால் வேறு சக்கரம் போடலாம். குவார்ட்ஸில் சர்க்யூட் போய், அந்த மாடலும் நின்றுபோனால் தூக்கித்தான் போட வேண்டும். உண்மை. ஆனால் இது நீண்ட ஆயுள், அடி தாங்கும் உறுதி இல்லை. வீட்டுப் பெரியவர் நூறு வயது வாழலாம். அதற்காக அவரைக் கபடி ஆட அனுப்புவதில்லை. நீண்ட ஆயுளும் விலையில் இல்லை. பெங்களூரில் 1960-களிலிருந்து செய்த ஹெச்.எம்.டி. வாட்சுகள் இன்னமும் எத்தனையோ தாத்தாக்களின் கையில் ஓடுகின்றன. அந்த வாட்ச் தொழிலை மூட அரசு 2016-ல் முடிவெடுத்த பிறகும் தெருமுனை ரிப்பேர்க்காரர் அவற்றை ஓட்டிக்கொண்டிருக்கிறார். கல்யாணத்துக்கு மாமனார் போட்ட வாட்ச், மாப்பிள்ளை தாத்தா ஆன பிறகும் ஓடுகிறது. லட்சம் கேட்கவில்லை.

"குவார்ட்ஸுக்கு ஆன்மா இல்லை" என்பது இன்னொரு வாதம். இதுதான் ரொம்ப வேடிக்கை. 1969 கிறிஸ்துமஸ் அன்று சீகோ கம்பெனி 'ஆஸ்ட்ரான்' என்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டபோது அது தங்க உறையில் வந்தது. விலை 4,50,000 யென், ஏறக்குறைய ஒரு டொயோட்டா கரோலா காரின் விலை. அன்றைக்கு ஆடம்பரம் என்றாலே அதுதான். மலிவான பிறகுதான் ஆன்மா காணாமல் போனது! தமிழ்நாட்டுக்கும் குவார்ட்ஸ் அந்நியம் இல்லை. டாடாவும் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன் ஓசூரில் கால் ஊன்றியதே குவார்ட்ஸை நம்பித்தான். 2002-ல் வந்த 'எட்ஜ்' 3.5 மில்லிமீட்டர் கனம். அதைச் செய்த கைகளுக்கு ஆன்மா இல்லை என்று ஓசூரில் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

துல்லியத்தைப் பார்த்தாலும் அப்படியே. குரோனோமீட்டர் சான்று வாங்கிய எந்திரம் நாளைக்கு 6 செகண்ட் வரை வேகமாக ஓடலாம். திருத்தாமல் விட்டால் வருஷத்துக்கு 36 நிமிஷம். கிராண்ட் சீகோவின் 9எஃப் குவார்ட்ஸ் வருஷத்துக்கே 10 செகண்டுக்குள் நிற்கிறது.

*

ஆடம்பர வாட்சே வாங்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. உழைத்துச் சம்பாதித்த காசில் அழகான பொருள் வாங்குவது பாவம் ஆகாது. எதற்கு வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவே.

அழகுக்கும் கைவேலைக்கும் என்றால் எந்திர வாட்ச் வாங்கலாம். கல்யாணத்துக்கும் ஆபீசுக்கும் கட்டலாம். 'ஸ்போர்ட்ஸ்' என்ற சொல்லுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம்.

தினமும் கட்டி, விளையாடி, நனைந்து, இடித்து, அப்படியும் நல்ல வாட்சாக இருக்க வேண்டும் என்றால், பார்க்க வேண்டியது இவ்வளவுதான். உள்ளே குவார்ட்ஸ், முடிந்தால் சூரிய ஒளியில் சார்ஜ் ஆவது. தண்ணீருக்கு 100 மீட்டருக்குக் குறையாமல், திருகி மூடும் கிரவுன். உடம்பு டைட்டானியம், எஃகை விட எடை ஏறக்குறைய பாதி, வியர்வைக்கு அசையாது. ஸ்டிராப் தோலில் வேண்டாம், ரப்பரோ உலோகமோ போதும். ஊரிலேயே சர்வீஸ் சென்டர். இந்த இலக்கணத்துக்குப் பெருமளவு ஒத்து வரும் விலை உயர்ந்த வாட்சுகளும் இருக்கின்றன: கேசியோவின் எம்.ஆர்-ஜி, கிராண்ட் சீகோவின் 9எஃப் ஸ்போர்ட்ஸ் மாடல்கள், டாக் ஹாயரின் 'அக்வாரேசர் சோலார்கிராஃப்'. இவற்றில் கொடுக்கும் காசில் ஒரு பங்காவது உறுதிக்குப் போகிறது. எந்திரம்தான் வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால், 200, 300 மீட்டர் முக்குளிப்பு வாட்சாகப் பார்த்து வாங்கி, விழுகிற கீறலையெல்லாம் ஏற்றுக்கொண்டு கட்ட வேண்டும். 1960-களில் அதைக் கட்டியவர்கள் அப்படித்தான் கட்டினார்கள்.

பட்ஜெட்டுக்கும் ஒரே ஒரு விதி போதும். நாளைக்கே தொலைந்தால் ஒரு வாரம் வருத்தப்பட்டு மறந்துவிடக்கூடிய தொகை எதுவோ, அதுதான் தினசரி வாட்சின் உச்ச விலை. அதற்கு மேல் போனால் வாட்ச் அவரைக் காக்காது, அவர்தான் வாட்சுக்குக் காவல்.

கடைக்குப் போகிறவர்கள் ஒரு காரியம் செய்யலாம். கடைக்காரர் "எவ்வளவு ரஃப்பாவும் யூஸ் பண்ணலாம் சார்" என்று சொல்லும்போது, "அண்ணே, அதை அப்படியே பில்லில் எழுதிக் கொடுத்துடுங்களேன். கீழே விழுந்து நின்னுபோனா ஃப்ரீயா சரி பண்ணித் தருவோம்னு" என்று மரியாதையாகக் கேட்கலாம். எழுதித் தந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அவர் சிரித்துக்கொண்டே வாரன்டி கார்டை நீட்டினால், அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில், எதற்கெல்லாம் வாரன்டி கிடையாது என்ற பட்டியலை மட்டும் படித்தால் போதும். விபத்து, அடி, கண்ணாடி உடைவது, ஸ்டிராப் தேய்வது என்று ஷட்டில் கோர்ட்டில் நடக்கக்கூடியது எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.